எரிச்சு எடுக்கிற ஒய்பிசிஓ பொடி, பல வருஷம் பண்ணிப் பாத்த அனுபவம்

களியக்காவிளை பக்கம் ஒரு காலேஜ் லேப்ல ரொம்ப நாளா காம்பஸ்டன் முறையிலதான், அதாவது கரைசலை வத்த வச்சு எரிச்சுப் பொடி எடுக்கிற முறையிலதான், ஒய்பிசிஓங்கிற சூப்பர்கண்டக்டர் பண்றோம். இட்ரியம், பேரியம், காப்பர் ஆக்சைடு, 1987ல கண்டுபிடிச்சது, சுமார் 92 கெல்வினுக்குக் கீழ குளிர வச்சாலே மின்சாரத்துக்கு இருக்கிற ரெசிஸ்டன்ஸ் இல்லாம போயிடும், அதனால 77 கெல்வின்ல கொதிக்கிற லிக்விட் நைட்ரஜனே போதும், ஹீலியம் தேடி அலைய வேண்டாம், சின்ன லேபுக்கு இது பெரிய வரம்.

பழைய முறையில ஆக்சைடையும் கார்பனேட்டையும் அரைச்சு, சுட்டு, திரும்ப அரைச்சுன்னு கை ஓஞ்சு போகும். இதுல மூணு உலோகத்தோட நைட்ரேட்டையும் 1:2:3 மோல் கணக்குல (எடை கணக்குல இல்ல) தண்ணியில கரைச்சு எரிபொருளா கிளைசின் போட்டு ஹாட்பிளேட்ல வத்த விட்டா பாகு மாதிரி இறுகி, பொங்கி, குப்புன்னு பத்திக்கும், சில நொடியில பொசபொசன்னு பொடி ரெடி. ஆனா கிளைசின் ஆவேசமா எரியும், பொடி பறந்துடும், எனக்கு சிட்ரிக் ஆசிட்தான் பிடிக்கும், நிதானமா கனிஞ்சு எரியும். எது போட்டாலும் பழுப்புப் புகை வரும், புகைய இழுத்து வெளிய தள்ளுற ஃபியூம் ஹுட் இல்லாம தொடவே கூடாது, பேரியம் நைட்ரேட் விஷம் வேற.

எரியிறது சுலபம்ங்க, உசிரே அதுக்கு முன்னாடியும் பின்னாடியும்தான் இருக்கு. நம்ம ஊர்ல இடவப்பாதி மழை பிடிச்சிட்டா காப்பர் நைட்ரேட் டப்பாவுக்குள்ளயே ஈரத்தை இழுத்து கசகசன்னு ஆயிடும், அப்ப எடை போட்டா பாதி தண்ணியத்தான் எடை போடுறோம், விகிதம் மொத்தமா கெட்டுடும். அதனால நாங்க ஆக்சைடை எடை போட்டு நைட்ரிக் ஆசிட்ல கரைச்சுக்கிறோம். பேரியம் நைட்ரேட் தண்ணியில கம்மியாத்தான் கரையும், ஆறினா அது மட்டும் தனியா படிஞ்சிடும், கரைசல சூடாவே வச்சிருக்கணும்.

எரிஞ்ச பொடி இன்னும் சூப்பர்கண்டக்டர் கிடையாது. எரிபொருள்ல இருக்க கார்பன் பேரியம் கார்பனேட்டா தங்கிடும், அதை வெளியேத்த 900 டிகிரிக்கு மேல நல்லா சுடணும். அப்புறம் பொடிய அழுத்தி பெல்லட்டா (வில்லையா) ஆக்கி, 930, 940ல சின்டர் பண்ணி, அதாவது துகள் ஒண்ணோடொண்ணு ஒட்டுற மாதிரி சுட்டு, இறக்கும்போது 400லிருந்து 500 டிகிரிக்குள்ள ஆக்சிஜன் ஓட விட்டு பொறுமையா வச்சிருக்கணும், அந்த ஆக்சிஜன் உள்ள ஏறலைன்னா சூப்பர்கண்டக்ஷனே வராது. கரன்ட் போச்சுன்னா இந்த கட்டத்துலதான் எங்க உழைப்பெல்லாம் வீணாகும், பேக்கப் இல்லாத ஃபர்னஸ்ல ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீங்க. பெல்லட்ட ஈரம் படாம வைக்கிற டெசிகேட்டர்ல வைங்க, ஈரக் காத்து பட்டா மேல்புறம் சிதைய ஆரம்பிச்சிடும்.

ரெசிஸ்டன்ஸ் அளக்கவும் பசங்களுக்கு மைஸ்னர் எஃபெக்ட் (சூப்பர்கண்டக்டர் காந்தப்புலத்தை வெளிய தள்ளுறது) காட்டவும் இது தாராளம். கனமான காந்தத்த தூக்கி நிறுத்தணும்னா மட்டும் இந்த பெல்லட் பத்தாது, உருக்கி மெதுவா ஆற வச்சு படிகத்தை ஒரே திசையில வளர்க்கிற மெல்ட் டெக்ஸ்சர் முறைக்குத்தான் போகணும்.