காலனியக் காட்டில் நீங்கள் யார்? மூன்று ஆர்பிஜிகள், ஓர் ஒப்பீடு

1564ஆம் ஆண்டு. பிரேசிலின் சாவோ விசென்ட்டே கரையில் இரவு நேரத்தில் ஒரு கடல் பிசாசு ஏறி வருகிறது. அதை முதலில் பார்ப்பது கேப்டன் வீட்டில் அடிமையாக இருந்த ஒரு பழங்குடிப் பெண். அவள் சொல்லித்தான் பல்தசார் ஃபெரெய்ரா வாளோடு ஓடி வருகிறார், அதன் வயிற்றில் குத்திக் கொல்கிறார். 1576இல் வெளியான, போர்ச்சுகீசியர் கண்டாவோவின் வரலாற்று நூலில் இந்தச் சம்பவம் இருக்கிறது. 15 சாண் நீளம், உடம்பெல்லாம் ரோமம், மூஞ்சியில் பட்டுப்போல நீண்ட மீசை என்று அந்த விலங்கை அவர் வர்ணிக்கிறார். அந்தக் கரையின் பழங்குடிகளான துபி மக்கள் அதை இபுபியாரா என்றார்கள். வாள் பிடித்தவரின் பெயர் நமக்குத் தெரிகிறது. முதலில் பார்த்தவளின் பெயரைக் கண்டாவோ எழுதவில்லை.

காலனியக் கால வரலாற்றையும் நாட்டார் கதைகளையும் களமாக வைக்கும் ரோல்பிளேயிங் கேம் (ஆர்பிஜி: மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகக் கதையை நகர்த்தும் ஆட்டம்) எது கைக்கு வந்தாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: அந்தப் பெண்ணாக என்னால் ஆட முடியுமா? ஆடினால், ஆள் கூப்பிடுவதைத் தவிர அவளுக்கு வேறு வேலை இருக்கிறதா? பகடை விதிகளும் பூதங்களின் பட்டியலும் அப்புறம்.

பிரேசில் களத்தில் இரண்டு ஆட்டங்கள் நேருக்கு நேர் நிற்கின்றன. மூத்தது 1992இல் ஜிஎஸ்ஏ வெளியிட்ட 'ஓ தெசாஃபியோ தோஸ் பந்தெய்ராந்தெஸ்'. கார்லோஸ் கிளிமிக், ஃபிளாவியோ அன்ட்ராடே, லூயிஸ் எடுவார்டோ ரிகோன் மூவரும் எழுதியது. 17ஆம் நூற்றாண்டு பிரேசிலைக் கொஞ்சம் மாற்றி, 'சாண்டா க்ரூஸ் நிலம்' என்ற கற்பனை நாடாக்கினார்கள். இளையது 2017இல் டெவிர் கொண்டுவந்த 'எலிஃபண்ட் அண்ட் மக்காவ் பேனர்'. எழுதியவர் கிறிஸ்டோபர் காஸ்டென்ஸ்மிட், அமெரிக்காவில் பிறந்து பிரேசிலில் குடியேறியவர். இது 16ஆம் நூற்றாண்டில் நடக்கிறது. முதலில் சிறுகதைகளாக வந்த உலகம் பிறகு ஆட்டமானது.

மூத்ததன் துணிச்சலைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. எல்ஃபும் குள்ளர்களும்தான் ஃபேண்டஸி என்று இருந்த காலத்தில், ஒரே மேசையில் பழங்குடி மந்திரவாதியான பஜேயையும் ஜெசூயிட் (கத்தோலிக்க இயேசு சபை) பாதிரியையும் ஆப்பிரிக்க மந்திரத்தையும் உட்கார வைத்தது. மூவரின் நம்பிக்கையும் அங்கே பலிக்கும். பாதிரியின் ஜெபம் மட்டும் உண்மை, மற்றதெல்லாம் மூடநம்பிக்கை என்று அந்த ஆட்டம் சொல்லவில்லை. 1992க்கு இது பெரிய விஷயம்.

சிக்கல் அட்டையிலேயே இருக்கிறது. பந்தெய்ராந்தெஸ் என்பவர்கள் சாவோ பாவ்லோவிலிருந்து உள்நாட்டுக்குள் படை திரட்டிப் போனவர்கள். தங்கம் தேடினார்கள், மனிதர்களையும் வேட்டையாடினார்கள். 1628–29இல் குவைரா பகுதியின் ஜெசூயிட் குடியிருப்புகளைத் தாக்கி, அங்கிருந்த குவாரானி பழங்குடி மக்களை ஆயிரக்கணக்கில் பிடித்துப் போனார்கள். தப்பி வந்த ஆப்பிரிக்கர்கள் பல பத்தாண்டுகள் கட்டிக் காத்த பால்மாரெஸ் குடியிருப்பு 1694இல் வீழ்ந்ததும் டோமிங்கோஸ் ஜோர்ஜே வேல்யோ என்ற பந்தெய்ராந்தேயின் படையிடம்தான். இப்படிப்பட்டவரும் ஒரு பஜேயும் ஒரே குழுவில் ஏன் நடக்கிறார்கள்? மேசைக்கு வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். ஆட்டத்தை நடத்துகிற கேம் மாஸ்டர் பதிலோடு வர வேண்டும், இல்லையென்றால் இரண்டாவது அமர்விலேயே கதை இடறும்.

ஆனால் அந்த நூற்றாண்டைப் போல நாடகத்துக்கு இடம் தரும் காலம் வேறில்லை. 1641இல் ம்போரோரே ஆற்றில் குவாரானிகளே ஆயுதம் ஏந்திப் பந்தெய்ராந்தெஸை ஓட ஓட விரட்டினார்கள். வடகிழக்கில் 1630 முதல் 1654 வரை டச்சுக்காரர்கள் பெர்னாம்புகோவைப் பிடித்து வைத்திருந்தார்கள். நான் நடத்தினால், தலைப்பில் இருப்பவர்களை எதிரணியாக்கிவிட்டு, ம்போரோரேவுக்கு முந்தைய மாதங்களில் குவாரானி பக்கம் நின்றுதான் தொடங்குவேன்.

ஒரே குழுவில் ஏன் நடக்கிறார்கள் என்ற கேள்விக்கு எலிஃபண்ட் அண்ட் மக்காவ் விடையோடு வருகிறது. அதன் மூலக்கதைகளின் நாயகர்கள் இருவர்: ஜெரார்ட் வான் ஊஸ்ட் என்ற டச்சுக்காரர், ஒலுதாரா என்ற யொருபா (மேற்கு ஆப்பிரிக்க இனம்) வீரர். ஒலுதாரா பிரேசிலின் சால்வடோர் நகரில் அடிமையாக இருக்கிறார். அடிமைமுறையை மறைக்காமல், அதிலிருந்து வெளியே வருவதையே கதையின் முதல் படியாக வைத்திருக்கிறார்கள். புது ஆள் ஒருவர் எந்தக் குழுவில் யாரோடு சேர்வது என்று தடுமாற வேண்டியதில்லை.

விதிகளும் எளிமை. போர்வீரர், மந்திரவாதி என்று முன்கூட்டியே வகுத்த வகுப்புகள் கிடையாது, திறமைகள்தான். ஒவ்வொரு திறமைக்கும் மூன்று படிகள். மூன்று ஆறுமுகப் பகடைகளை உருட்டிக் கூட்ட வேண்டும். இதில் ஒரு நன்மை உண்டு: 216 சேர்க்கைகளில் 104, அதாவது கிட்டத்தட்ட பாதி, 9 முதல் 12 வரைக்குள் விழும். 18 வருவது 216இல் ஒரே ஒரு தடவை. அதனால் பழகிய கைக்குப் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். எல்லா எண்ணும் சம வாய்ப்பில் வரும் இருபது முகப் பகடையில் வேட்டைக்காரர் சும்மா கால் இடறி விழுவது போன்ற அபத்தங்கள் குறையும். அந்த இரவில் கரையில் நின்ற பெண்ணுக்கும் இது பொருந்தும். தடம் பார்ப்பது, இருட்டில் கண் பழகுவது, அந்த விலங்கின் பெயர் தெரிந்திருப்பது எல்லாமே வாள்வீச்சைப் போலவே திறமைகளாக எழுதப்படும்போது, அவள் ஒரு முழுக் கதாபாத்திரம்.

நாட்டார் உயிரினங்களை எப்படி ஆடுவது என்பதற்கு ஒரு பழைய சான்று உதவும். குருபிரா என்ற காட்டு ஆவியைப் பற்றி ஜெசூயிட் அன்ஷியெட்டா 1560இலேயே கடிதத்தில் எழுதியிருக்கிறார். அது புதரில் மனிதர்களை அடிக்கும், கொல்லும் என்று மக்கள் பயந்தார்கள். அதற்காக மலை உச்சிப் பாதையில் இறகுகள், விசிறிகள், அம்புகளைக் காணிக்கையாக வைத்துப் போனார்கள். கவனியுங்கள், சண்டையே இல்லை. குருபிராவுக்கு உயிர்ப்புள்ளிகள் (எவ்வளவு அடி தாங்கும் என்ற எண்) எழுதி அடித்து வீழ்த்த வைப்பதைவிட, காணிக்கையாக எதை விட்டுக்கொடுப்பது என்று குழுவை யோசிக்க வைப்பது எவ்வளவோ மேல். இரண்டு ஆட்டத்திலும் இதைச் செய்யலாம், ஆனால் இளையதன் திறமை விதிகள் இதற்கு வளைந்து கொடுக்கும்.

மூன்றாவது ஆட்டம் வேறு கண்டத்திலிருந்து, வேறு கோணத்தில் வருகிறது. கானர் அலெக்சாண்டர் என்ற செரோக்கி (வட அமெரிக்கப் பூர்வகுடி) படைப்பாளி பூர்வகுடி எழுத்தாளர், ஓவியர்களோடு சேர்ந்து உருவாக்கிய 'கயோட்டி அண்ட் க்ரோ' 2022இல் வெளிவந்தது. அதற்கு முந்தைய ஆண்டு கிக்ஸ்டார்ட்டர் என்ற மக்களிடம் நிதி திரட்டும் இணையதளத்தில் 10 லட்சம் டாலருக்கு மேல் திரட்டியது. வட அமெரிக்காவில் காலனியாதிக்கம் நடக்கவே இல்லை என்ற எடுகோள்தான் அதன் களம், பகடை பன்னிரண்டு முகம். பூர்வகுடியினரும் மற்றவர்களும் எதைக் கவனித்து ஆட வேண்டும் என்று தனித்தனிக் குறிப்புகள் கொடுத்திருப்பது மற்ற ஆட்டங்கள் கற்க வேண்டியது. கொடுமையை மறுபடி நடித்துப் பார்க்க விருப்பமில்லாத குழுவுக்கு இதுதான் சரி. எனக்கோ, வரலாற்றின் உரசல் இல்லாத இடத்தில் பாதி ஆர்வம் போய்விடுகிறது.

அதனால் என் தேர்வு வரிசை இதுதான். முதல் தடவை ஆடுகிறவர்களுக்கும் மாணவர்களுக்கும் எலிஃபண்ட் அண்ட் மக்காவ், ஆங்கிலத்திலும் கிடைக்கிறது. போர்ச்சுகீசியம் வாசிக்கத் தெரிந்த, ஒருவரையொருவர் நன்கு அறிந்த குழுவுக்கு மூத்த ஆட்டம். எதை எடுத்தாலும் முதல் அமர்வுக்கு முன்பே அரைமணி நேரம் பேசி, அடிமைச் சந்தையும் சவுக்கடியும் மேசையில் விவரமாக வருமா, ஒரு வரியில் கடந்து போகுமா, வரவே கூடாதா என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். ஒருவர் வேண்டாம் என்றாலும் வேண்டாம்தான். காரணம் கேட்காதீர்கள்.