62,000 ரூபாயும் போச்சு, 19 நாள் வேலையும் போச்சு: ஃபோல்டர் ரீடைரக்ஷன் போடுகிறவர்கள் கவனம்

முந்தாநாள் நடந்தது. ஆத்திரம் அடங்கவில்லை, அப்படியே எழுதுகிறேன். ஃபோல்டர் ரீடைரக்ஷன் என்றால், லேப்டாப்பில் இருக்கும் ஃபோல்டரை நெட்வொர்க்கில் வேறோர் இடத்தில் சேமிக்கும்படி திருப்பிவிடுவது. எதையெல்லாம் பார்த்து வாங்கணும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

ஒன்பது லேப்டாப் உள்ள ஆடிட்டர் அலுவலகம். எல்லாருடைய டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரும் ஒரே இடத்தில் சேமிக்கப்பட வேண்டும், ஒரு லேப்டாப் செத்தாலும் ஃபைல் சாகக்கூடாது. இதுதான் கேட்டது. கம்ப்யூட்டர் விற்று, சர்வீஸும் பார்க்கும் ஒரு கடைக்காரர்கள் செய்து தருகிறோம் என்றார்கள். அமைத்துக் கொடுக்க 48,000, வருடப் பராமரிப்பு 14,000. மொத்தம் 62,000 ரூபாய், முன்பணமாகவே.

டொமைனுக்கு, அதாவது எல்லா லேப்டாப்பின் லாகினையும் ஒரே இடத்தில் நிர்வகிக்க, ஏற்கனவே ஒரு சர்வர் இருந்தது. ஃபைல்களுக்கு ஒரு நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் எல்லாருக்கும் பொதுவான சேமிப்புப் பெட்டி) வைத்தார்கள், ரெய்டு 1-இல் இரண்டு டிஸ்க், அதாவது ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே பதியும். குரூப் பாலிசியில் (சர்வரிலிருந்து எல்லா லேப்டாப்புக்கும் போகும் அமைப்பு விதிகள்) டாக்குமென்ட்ஸை நாஸுக்குத் திருப்பினார்கள். கேட்பதற்கு எல்லாம் சரிதான். ஆனால் பாதையில் நாஸின் பெயரைப் போடாமல் 192.168.1.50 என்று ஐபியை, அதாவது நெட்வொர்க்கில் அதன் எண் முகவரியைப் போட்டிருக்கிறார்கள். அந்த ஐபியையாவது நிலையாக வைத்தார்களா என்றால் அதுவும் இல்லை, ரவுட்டர் கொடுத்ததை அப்படியே விட்டுவிட்டார்கள்.

3ஆம் தேதி நெட் கம்பெனிக்காரர் ரவுட்டரை மாற்றினார். நாஸுக்கு வேறு ஐபி வந்தது. அன்றிலிருந்து ஒரு லேப்டாப்பும் நாஸைத் தொடவில்லை. ஒருவருக்கும் தெரியவும் இல்லை. காரணம், இப்படித் திருப்பிய ஃபோல்டருக்கு விண்டோஸ் தானாகவே லேப்டாப்புக்குள் ஒரு நகல் வைத்துக்கொள்ளும். ஆஃப்லைன் ஃபைல்ஸ் என்பது இதுதான். சி டிரைவில் விண்டோஸுக்குள் சிஎஸ்சி என்ற ஃபோல்டரில் கிடக்கும். நாஸ் கிடைக்காவிட்டால் சத்தமில்லாமல் அந்த நகலைத் திறந்து தரும். ஃபைல் திறக்கிறது, சேவ் ஆகிறது, யாருக்குச் சந்தேகம் வரும்? நாஸிலிருந்து யூஎஸ்பி டிஸ்குக்கு இரவு பேக்கப்பும் தினமும் 'வெற்றி' என்றே சொன்னது. பழைய ஃபைல்களையே திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தால் ஏன் தோற்கப் போகிறது!

22ஆம் தேதி மூன்று லேப்டாப் மெதுவாக இருக்கிறது என்று புகார் சொன்னோம். கடையிலிருந்து வந்த பையன் ஃபார்மட் பண்ணிடலாம் என்றான். "ஃபைல் எல்லாம்?" என்று கேட்டதற்கு, அதே லேப்டாப்பில் அட்ரஸ் பாரில் நாஸ் பாதையை அடித்துத் திறந்து காட்டினான். அன்று காலை சேவ் செய்த எக்செல் ஷீட் வரைக்கும் வரிசையாக இருந்தது. "பாருங்க சார், 192.168.1.50னு போட்டிருக்கு, எல்லாம் சர்வர்ல பத்திரமா இருக்கு." நம்பினோம். அவன் காட்டியது சர்வரே இல்லை, ஃபார்மட் ஆகப்போகிற அதே லேப்டாப்பின் நகல். ஜன்னலின் கீழே ஸ்டேட்டஸ் பாரில் 'ஆஃப்லைன்' என்று சின்ன எழுத்தில் இருந்திருக்கும். அவன் கண் அங்கே போகவில்லை.

ஃபார்மட் முடிந்து லாகின் செய்தால் டாக்குமென்ட்ஸ் காலி. விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் 502 என்ற எண், அதாவது ரீடைரக்ஷன் தோல்வி. பாலிசியில் புது ஐபியைப் போட்டான். ஃபோல்டர் வந்தது, 3ஆம் தேதியோடு நின்றது. மூன்று பேரின் ஜிஎஸ்டி ஒப்பீட்டு ஷீட்கள், வரைவு பேலன்ஸ் ஷீட்கள், 19 நாள் வேலை காணோம். டிஸ்க் எஸ்எஸ்டி ஆனதால் ட்ரிம் (அழித்த இடத்தை எஸ்எஸ்டி காலியாக்க வைக்கும் கட்டளை) ஓடி அழிந்துவிட்டது, மீட்க வழியில்லை.

அதற்குப் பிறகு போன் போட்டால் வந்த பதில்கள்: "ரவுட்டர் மாத்தினது நாங்க இல்லையே சார்." "விண்டோஸ் அப்டேட்ல இப்படி ஆகும்." "ஸ்டாஃப் சேவ் பண்ணாம விட்டிருப்பாங்க." கடைசியில், "பில் பின்னாடி பாருங்க, டேட்டாவுக்கு நாங்க பொறுப்பில்ல." டேட்டாவைக் காப்பாற்றத்தானே ஐயா 62,000 ரூபாய்! நேற்று இரவு வாட்ஸாப்பில் கிளவுட் பேக்கேஜ் விலைப்பட்டியல் அனுப்புகிறார்கள், 36,000-ஆம்.

மீதி ஆறு லேப்டாப் தப்பியது, லாக் ஆஃப் செய்ய விடாததால். பாலிசியில் போட்ட புது ஐபி லாகின் நேரத்தில்தான் ஏறும், அதுவரை பழைய பாதையின் நகலே திறந்திருக்கும். இதே நிலையில் இருப்பவர்கள் முதலில் டாக்குமென்ட்ஸை வெளி டிஸ்கில் காப்பி எடுங்கள். பாலிசியைப் பழைய பாதைக்கே திருப்புங்கள். நாஸுக்குப் பழைய ஐபியையே கொடுத்து, விண்டோஸின் சிங்க் சென்டரில் சிங்க் செய்யுங்கள், அதாவது லேப்டாப் நகலையும் நாஸையும் ஒன்றாக்குங்கள். ஒரே ஃபைலுக்கு இரண்டு வடிவம் இருந்து 'மோதல்' என்று கேட்டால் தேதி பார்த்துத் தேர்ந்தெடுங்கள். எல்லாம் ஏறியதை வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து பார்த்த பிறகே பாதையை மாற்றலாம்.

மற்றதை விரிவாக எழுதப் பொறுமை இல்லை. பாதையில் பெயர் போடச் சொல்லுங்கள். நாஸ், சர்வர் இரண்டுக்கும் நிலையான ஐபி. பாலிசியில் பயனருக்கு மட்டும் தனி உரிமை என்ற டிக் இயல்பாகவே இருக்கும், அந்த டிக்கை நீக்காவிட்டால் அட்மினே உள்ளே போய்ச் சரிபார்க்க முடியாது. ரெய்டு பேக்கப் ஆகாது. ஃபார்மட்டுக்கு முன் ஃபைலை லேப்டாப்பில் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள், நாஸின் சொந்தத் திரையில் தேதியோடு காட்டச் சொல்லுங்கள்.

சீக்கிரம் முடிக்கிறேன், 19 நாள் வேலையை மறுபடி அடிக்க உட்கார வேண்டும்.