நெட்ஃப்ளிக்ஸில் மல்யுத்தம்: விடியற்காலை ஐந்தரைக்கு ரிங்கில் யார் யார்?

பெங்களூரில் நந்தினி பால் வந்து இறங்குகிற நேரத்தில்தான், டபிள்யூடபிள்யூஇ என்ற அமெரிக்க மல்யுத்த நிறுவனத்தின் வாராந்தர நிகழ்ச்சியான ரா தொடங்குகிறது. வழக்கமாகச் செவ்வாய் காலை 5.30. நவம்பரில் அமெரிக்காக்காரர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்ததும் 6.30 ஆகிவிடும்; மார்ச் வரை அதே கணக்கு. 2025 ஏப்ரல் 1 முதல் டபிள்யூடபிள்யூஇ இந்தியாவில் நெட்ஃப்ளிக்ஸுக்கு வந்துவிட்டதால், அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் இதற்காகக் கேபிள்காரரைத் துரத்த வேண்டியதில்லை.

149 ரூபாய்த் திட்டம் போனுக்கும் டேப்லெட்டுக்கும் மட்டும்; டிவியில் வராது. 199 கட்டினால் டிவியில் 720பி, ஒரே திரை. மல்யுத்தத்துக்கு இது போதும். இதற்காக மட்டும் 649 கொடுப்பது தண்டம். ஆறு மணிக்கு மேல் எழுந்து திறப்பவர்கள் நேரலைக்குள் குதிக்காமல் தொடக்கத்திலிருந்து பார்க்கும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் முதல் ஆட்டத்தில் யார் ஜெயித்தார் என்பது முன்கூட்டியே தெரிந்து சுவாரசியம் கெட்டுப்போகும்.

சரி, கட்டிய காசுக்கு யாரைக் காட்டுகிறார்கள்? யார் ஜெயிப்பது என்பது கதை எழுதுகிறவர்களின் எழுத்தறையிலேயே முடிவாகிற விளையாட்டு இது. அதனால் யாருக்கு எத்தனை நிமிடம் என்பதும் ஒருவர் உட்கார்ந்து எடுத்த முடிவுதான். பெண்கள் ஆட்டத்தை அளக்க நல்ல வழி ஒன்று உண்டு: நுழைவுப் பாட்டையும் விளம்பரத்தையும் விட்டுவிட்டு, மணி அடித்ததிலிருந்து கடைசி மணி வரை எண்ணுங்கள். 2015 பிப்ரவரியில் ராவில் நான்கு பெண்கள் மோதிய ஆட்டம் அரை நிமிடத்தில் முடிந்தது. ரசிகர்கள் இணையத்தில் கொந்தளித்தார்கள். பெண் மல்லர்களுக்கு வைத்திருந்த 'டீவா' என்ற பெயர், நிறுவனத்தின் ஆண்டுப் பெருவிழாவான ரெஸில்மேனியாவில் 2016இல் ஒழிந்தது. 2019 ரெஸில்மேனியாவில் பெண்கள்தான் கடைசி ஆட்டம், அதாவது முதன்மை ஆட்டம்.

தேடிப் பார்க்க வேண்டியது 2021 ரெஸில்மேனியாவின் முதல் இரவு. பியாங்கா பெலேர், சாஷா பேங்க்ஸ்: ரெஸில்மேனியாவின் கடைசி ஆட்டத்தில் இரண்டு கறுப்பினப் பெண்கள் நேருக்கு நேர் மோதியது அதுதான் முதல் முறை. பெலேரின் சடை இடுப்புக்குக் கீழே தொங்கும். முடிவை நெருங்கும்போது அதைச் சாட்டையாகச் சுழற்றி பேங்க்ஸின் விலாவில் ஒன்று விடுகிறார். சத்தம் மைதானம் முழுக்கக் கேட்கிறது. தோல் தடித்துப்போவதும் தெரிகிறது. அவர் போட்டிருக்கும் உடையையும் அவரே தைப்பார்.

நம்மூர் நேரத்துக்கு ஏற்றவை சவுதி நிகழ்ச்சிகள். அவற்றில் பலவும் நம் நேரப்படி இரவு பத்தரைக்கே தொடங்கிவிடும். 2018இல் அங்கே பெண்களை ரிங்கில் ஏற்றவே இல்லை. 2019 அக்டோபர் 31 அன்று நடாலியாவும் லேசி எவன்ஸும் உடம்பு முழுக்க மூடிய உடையில் ஆடிய பிறகுதான் கதவு திறந்தது.

இந்தியர்கள் விஷயத்தில் மட்டும் சரக்கு பழசு. 2007இல் கிரேட் காலிக்குப் பட்டம் கிடைத்தது, உயரத்துக்காக. 2017இல் ஜிந்தர் மஹால் 170 நாள் சாம்பியன். ஆள் கனடாவின் கால்கரியில் பிறந்த இந்திய வம்சாவளிக்காரர். தலைப்பாகை கட்டிய வில்லனாக நிறுத்தி, எதிராளியான நாகமுராவின் ஜப்பானிய முகத்தைக் கேலி செய்யவும் வைத்தார்கள். அரங்கில் இருந்தவர்களே அது எல்லை மீறியது என்று கத்தினார்கள். அதே ஆண்டு மே யங் கிளாசிக் என்ற பெண்கள் போட்டித் தொடரில் ஹரியானாவின் கவிதா தேவி சல்வார் கமீஸோடு இறங்கினார். முதல் சுற்றிலேயே டகோட்டா காயிடம் தோற்றாலும் அந்த வீடியோ உலகம் சுற்றியது. அவரை முன்னணிக்குக் கொண்டுபோகத்தான் எழுத்தறைக்கு மனம் வரவில்லை.

வர்ணனை ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். வீட்டில் பெரியவர்களோடு பார்ப்பவர்கள் சத்தத்தைக் குறைத்துவிட்டு, யார் யாருக்குப் பகை என்று பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டே போக வேண்டியதுதான்.