குடும்ப ஜெபத்துக்கு யூவெர்ஷன் பைபிள் ஆப்: எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

புத்தாண்டு ஆராதனை முடிந்த கையோடு குடும்ப ஜெபத்தை ஆரம்பித்து, பிள்ளைகளின் பரீட்சை, அப்பாவின் நைட் ஷிப்ட், வீட்டுக்கு வந்த விருந்தாளி என்று ஏதோ ஒன்றில் விட்டுவிடும் வீடுகள் ஏராளம். அந்த வீடுகளை மனதில் வைத்தே இந்த ஆப்பை அலசியிருக்கிறோம். விட்ட இடத்தில் மறுபடி உட்கார இது உதவுமா?

அமெரிக்காவின் லைஃப்.சர்ச் சபை 2008இல் வெளியிட்ட ஆப் இது. இலவசம், விளம்பரத் தொல்லையும் இல்லை. தமிழில் பழைய மொழிபெயர்ப்போடு எளிய நடையில் உள்ளவையும் கிடைக்கின்றன. ஆளுக்கொரு வசனமாகச் சுற்றி வாசிக்கும் வீட்டில் முதலில் இடறுவது இங்கேதான். ஒருவர் கையில் ஒரு மொழிபெயர்ப்பு, இன்னொருவர் கையில் வேறொன்று இருந்தால் வாக்கியம் பாதியில் அறுந்துவிடும், பிள்ளைக்கு ஒன்றும் பிடிபடாது. பகுதி முழுவதையும் பழைய மொழிபெயர்ப்பில் வாசித்துவிட்டு, கடினமான வசனத்தை மட்டும் பிள்ளை எளிய நடையில் மறுபடி வாசிக்கட்டும். எபேசியர் 6:4இல் வரும் 'சிட்சையிலும் போதனையிலும்' பத்து வயதுப் பிள்ளைக்கு விளங்காது. வசனத்தைத் தொட்டால் மற்ற மொழிபெயர்ப்புகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி வரும். ஆப்பில் நமக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

அடுத்தது வாசிப்புத் திட்டம். ஒரே வருடத்தில் முழு வேதாகமம் என்ற திட்டத்தைக் குடும்பமாகத் தொடங்க வேண்டாம். 1,189 அதிகாரங்களை 365 நாளுக்குப் பிரித்தால் தினம் மூன்றுக்கும் மேல். வாசிப்பே கால் மணி நேரத்தை விழுங்கிவிடும், பாட்டுக்கும் ஜெபத்துக்கும் நேரமிருக்காது. ஆதியாகமத்திலிருந்து வரிசையாகப் போனால் ஜனவரி கடைசி வாரத்திலேயே ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகளும் லேவியராகமத்தின் பலிமுறைகளும் வந்து நிற்கும். சின்னப் பிள்ளைகள் அங்கேதான் நெளிய ஆரம்பிப்பார்கள். மாற்கு சுவிசேஷத்தின் 16 அதிகாரங்களை நாளுக்குப் பாதியாக எடுத்தால் ஏறக்குறைய ஒரு மாதம். நீதிமொழிகள் 31 அதிகாரம். அன்றைய தேதி எதுவோ அந்த அதிகாரம். நேற்று விட்டுப்போனாலும் இன்றைக்குக் கடன் பாக்கி நிற்காது.

திட்டத்தில் நாள் தவறினால், தவறிய பகுதிகளை இன்றிலிருந்து தள்ளி அமைத்துத் தரும் வசதி ஆப்பிலேயே இருக்கிறது. அதை அழுத்திவிட்டுத் தொடருங்கள். நான்கு நாள் பாக்கியை ஒரே ராத்திரியில் தீர்க்கப் பார்த்தால் ஐந்தாம் நாள் யாரும் பாயில் உட்கார மாட்டார்கள். தொடர்ந்து எத்தனை நாள் திறந்தோம் என்று ஆப் காட்டும் எண்ணிக்கை தனி ஆளுக்கானது. அதை வைத்துப் பிள்ளைகளை ஒப்பிட்டுப் பேசவே கூடாது.

அப்பா துபாயில், மகள் ஹாஸ்டலில் என்று பிரிந்திருக்கும் குடும்பத்துக்கு, ஒரே திட்டத்தில் எல்லோரும் சேர்ந்துகொண்டு கருத்து எழுதும் வசதி பெரிய வரம். இங்கே இரவு ஒன்பது என்றால் அங்கே ஏழரை. நேரத்தைப் பேசி வைத்துக்கொண்டால் போதும்.

குறை என்றால், அது போனில் இருப்பதுதான். வாசிப்பின் நடுவே வாட்ஸ்அப் செய்தி ஒன்று எட்டிப் பார்த்தால் கவனம் போயிற்று. மொழிபெயர்ப்பை முன்கூட்டியே பதிவிறக்கி (எல்லா மொழிபெயர்ப்புக்கும் இந்த வசதி கிடையாது), ஒரே ஒரு போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு நடுவில் வையுங்கள்.

எந்த ஆப்பாலும் சரிசெய்ய முடியாத இரண்டு விஷயங்கள் உண்டு. சாயங்காலம் அப்பாவும் அம்மாவும் கத்திச் சண்டை போட்டதைப் பிள்ளைகள் பார்த்திருந்தால், பாட்டுக்கு முன்பே "நான் கத்தினது தப்பு, மன்னிச்சிரு" என்று அவர்கள் காதுபடச் சொல்லிவிட வேண்டும். "ஆனா நீயும்தான்" என்று வால் சேர்க்கக் கூடாது. இன்னொன்று, "ஆண்டவரே, மார்க் குறைஞ்ச இந்தப் பிள்ளைக்குப் புத்தியைக் கொடும்" என்று ஜெபத்திலேயே திட்டுவது. அந்தப் பிள்ளை மறுநாள் தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொள்ளும். அதற்குப் பதிலாக, "நாளைக்கு உனக்காக என்ன ஜெபிக்கணும்?" என்று கேட்டு, அது சொன்னதை அப்படியே ஜெபியுங்கள்.

எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் வீட்டுக்கு, பெரிய எழுத்தில் அச்சிட்ட வேதாகமமே முதல் தேர்வு. ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் ஆப். பிரிந்திருக்கும் குடும்பம் ஆப்பிலேயே தொடங்கலாம், ஏழு நாளுக்கு மேல் போகாத திட்டமாகப் பார்த்து.