வளைந்த ஃபால்ட் காட்டும் மணல் பெட்டி: வாங்கலாம், மணலை மட்டும் வேறு இடத்தில் வாங்குங்கள்

ஃபால்ட், அதாவது பாறை உடைந்து இருபக்கமும் நழுவுகிற பிளவு, எப்படி வேலை செய்கிறது என்று மணலில் காட்ட எங்கள் ஜியாலஜி லேபுக்கு வாங்கிய அக்ரிலிக் பெட்டி இது. உள்ளே வளைவாக இழைத்த ஒரு மரக்கட்டை, அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் தாள், தாளை இழுக்க ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். விலை கொஞ்சம் எகிறல், ஆனாலும் அந்தக் கட்டைக்காகவே கொடுக்கலாம்.

மேலே செங்குத்தாகத் தொடங்கி ஆழம் போகப் போகப் படுத்துவிடுகிற ஃபால்ட், அதாவது லிஸ்ட்ரிக், மெக்சிகோ வளைகுடாப் பக்கம் எண்ணெய் தேடுகிறவர்களுக்குப் பழகிய சமாச்சாரம். கட்டை அதே வடிவம். வண்ண மணலை அடுக்கடுக்காகப் பரப்பிக் கைப்பிடியைச் சுற்றினால் மணல் கட்டையை விட்டு விலகப் பார்க்கும், நடுவில் வெற்றிடம் நிற்காதே, அதனால் அடுக்குகள் ஃபால்ட் பக்கமாகச் சரிந்து ஒரு முதுகு போல வளையும். இன்னும் இழுத்தால் முதுகின் உச்சியில் குட்டிப் பிளவுகள் விழுந்து சின்னப் பள்ளம் உட்காரும். பள்ளத்தில் அவ்வப்போது புது மணல் தூவுங்கள், ஃபால்ட்டை ஒட்டிய பக்கம் அடுக்கு தடித்துக்கொண்டே போவது அழகாகத் தெரியும்.

காய்ந்த மணலின் உராய்வு பாறையை ஒத்தது, ஒட்டும் தன்மை மிகக் குறைவு. அதனால்தான் 1 செ.மீ. மணலை ஏறக்குறைய 1 கி.மீ. பூமி மேலோடாக எடுத்துக்கொள்ள முடிகிறது. இந்த அளவுக் கணக்குக்கு 1937-லேயே அமெரிக்கப் புவியியலாளர் ஹப்பர்ட் வழி சொல்லிவிட்டார்.

இப்போது குறை. கூடவே தருகிற மணல் மட்டம். மணலில் ஒரு ஃபால்ட் பத்து மணிகளாவது அகலம் எடுக்கும், இவர்கள் தந்த பருமணலில் கோடு கோடாகவே இல்லை, மாற்றிக் கேட்டால் பதிலும் இல்லை. சலித்த நுண்மணல் போட்டபிறகுதான் சரியானது. அப்புறம், பக்கச் சுவர் மணலைப் பிடித்து இழுக்கும், ஆகவே வெளியே தெரிவதை நம்பாதீர்கள். சோப்புத் தண்ணீர் தெளித்து நனைத்து, நீளமான கத்தியால் நடுவில் அறுத்துப் பாருங்கள்.

பக்கவாட்டு நகர்வுக்கு ஒரு வளைந்த தகடு ஜோடியும் தருகிறார்கள். கலிபோர்னியாவின் சான் ஆன்ட்ரியாஸ் ஃபால்ட்டின் பெரிய வளைவில் நிலம் நெருக்குண்டு மலை எழும்புவதைக் காட்டுவதாகப் பேச்சு, ஆனால் இடுக்கு வழியே மணல் ஒழுகுகிறது. வேண்டாம்.

மோட்டார் மாடலுக்கும் கூடுதலாகச் செலவழிக்காதீர்கள், காய்ந்த மணலுக்கு வேகம் ஒரு பொருட்டே இல்லை. மெல்ல இளகி நகர்கிற கீழ் மேலோட்டைக் காட்ட அடியில், வேகத்துக்குத் தக்கபடி மாறுகிற சிலிக்கோன் பசை போடப்போகிறீர்கள் என்றால் மட்டும் மோட்டார் வேண்டும், அந்தப் பசை இவர்களிடம் கிடைக்காது.