அரைத் தானியங்கி மைக்ரோடோமும் அதன் மெழுகுச் சீவலும்

எங்கள் மருத்துவமனையின் திசுநோயியல் ஆய்வகத்தில், மெழுகில் பதித்த திசுவை நுண்ணோக்கியில் பார்ப்பதற்காக மெல்லிய ஏடுகளாகச் சீவும் கருவியான அரைத் தானியங்கி ரோட்டரி மைக்ரோடோம், உத்தரவாதக் காலம் முடிந்த பிறகு வந்த முதல் பெரிய பழுது நீங்கி, சென்ற வாரம்தான் மறுபடி வேலைக்கு வந்தது. அதே வாரத்தில், முன்பு எங்களோடு டெக்னீஷியனாக இருந்து இப்போது வேறோர் ஊரில் புதிய ஆய்வகத்தை அமைத்துக்கொண்டிருக்கும் பெண் ஒருத்தி தொலைபேசியில் அழைத்து, "அக்கா, செமி ஆட்டோமேட்டிக்கே எடுத்துடலாமா, இல்ல மேனுவல் போதுமா?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்ன பதிலில் பாதி, பழுதுபார்ப்புக் கட்டணச் சீட்டைப் பார்த்த கோபத்தில் வந்தது. அதனால் கொஞ்சம் ஆறவிட்டு, நிதானமாக இங்கே எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. வேறு நிறுவனங்களின் கருவிகளை வைத்திருக்கும் நண்பர்களும் ஏறக்குறைய இதே குறையைத்தான் சொல்கிறார்கள். கருவியின் அடிப்படை விவரங்கள் எல்லாம் விளம்பரத் தாளிலேயே இருப்பதால் அவற்றையும் விட்டுவிடுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது உண்மையிலேயே நல்லது. பழைய கருவியில் கைச்சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றிலும் பிளாக் (திசு பதித்த மெழுகுக் கட்டை) கீழே இறங்கும்போது, ஸ்லைடில் ஏற்ற வேண்டிய மெல்லிய ஏடான செக்‌ஷன் வெட்டப்படும். மேலே ஏறும்போது பிளாக்கின் முகம் பிளேடின் பின்புறத்தில் உரசிக்கொண்டே போகும். கொழுப்பு மிகுந்த மார்பகத் திசுவாக இருந்தால் அந்த உரசலிலேயே ரிப்பன் (நாடாபோல் வரிசையாக ஒட்டி வரும் ஏடுகள்) பிய்ந்து, பிளாக்கோடு ஒட்டிக்கொண்டு மேலே போய்விடும். புதிய கருவியில் பிளாக் ஏறும் நேரத்தில் இம்மியளவு பின்வாங்கிக்கொள்கிறது. இந்த ஒரு வசதி மட்டும் எங்கள் நாளில் எவ்வளவு பிளேடையும் எவ்வளவு பொறுமையையும் மிச்சப்படுத்தியது என்பதைப் பழைய கருவியில் ஆண்டுக்கணக்கில் வெட்டியவர்களே அறிவார்கள். சக்கரமும் மிக இலகுவாகச் சுழல்கிறது; மாலையில் தோள்பட்டையில் வரும் அந்தப் பழக்கப்பட்ட வலி இப்போது இல்லை.

அதைவிடப் பெரிய வசதி, பிளாக் நின்ற இடத்தைக் கருவி நினைவில் வைத்துக்கொள்வது. ஊசியால் எடுத்த மார்பக பயாப்ஸியில் திசு நூலளவுதான் இருக்கும். அதில் முதலில் ஹெமாடாக்சிலின்–ஈயோசின் சாயத்துக்கு 3 அல்லது 4 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனுள்ள செக்‌ஷன்களை எடுத்துக் கொடுப்போம். மருத்துவர் பார்த்துவிட்டு ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்–2 என்று, புற்றுச் செல்களில் குறிப்பிட்ட புரதங்கள் உள்ளனவா என்பதைக் காட்டும் இம்யூனோ சாயங்களைக் கேட்டால், அதே பிளாக்கை மீண்டும் மாட்டி, முகத்தைச் சமப்படுத்தி, மறுபடியும் வெட்ட வேண்டும். அப்படிச் சமப்படுத்தும் ஒவ்வொரு முறையும், நோயாளியின் உடலிலிருந்து இன்னொரு முறை எடுக்க முடியாத திசுவில் ஒரு பங்கு குப்பைக்குப் போகிறது. இந்தக் கருவியில் பிளாக்கின் சாய்வுக்குத் துல்லியமான பூஜ்ஜிய நிலை உண்டு. இரண்டு அச்சுகளிலும் அதே நிலைக்குக் கொண்டுவந்து, தள்ளும் அளவை 1 மைக்ரானாக வைத்து நெருங்கினால், இழப்பு மிகக் குறைவு. ஆனாலும் எந்தக் கருவியாக இருந்தாலும், ஊசி பயாப்ஸிகளுக்கு இம்யூனோ தேவைப்படும் என்று முன்கூட்டியே தெரிந்தால், சாயமிடாத செக்‌ஷன்களையும் முதல் அமர்விலேயே ஒட்டும் பூச்சுள்ள ஸ்லைடுகளில் எடுத்து வைத்துவிடுவதுதான் சிறந்த வழி.

இனி அந்த மெழுகுச் சீவலுக்கு வருகிறேன்.

திசு முழுதாகத் தெரியும்வரை பிளாக்கின் முகத்தைச் சீவும் டிரிம்மிங்கைச் செய்யும்போது 15, 20 மைக்ரான் தடிமனில் மெழுகு சீவப்பட்டு விழும். இவை தேங்காய்த் துருவலைப் போல இலேசானவை; கையில் ஒட்டும், சட்டையில் ஒட்டும், குளிரூட்டியின் காற்றில் பறக்கும். இதற்காகக் கருவியின் முன்னால் அகலமான கழிவுத் தட்டு ஒன்றைப் பொருத்தியிருக்கிறார்கள். பார்க்க அழகான தட்டு. ஒரே இழுப்பில் கையோடு வரும், கழுவுவதும் எளிது. ஆனால் சீவல் அதில் விழுவதில்லை. பாதி விழுகிறது, மீதிப் பாதி பிளேடு ஹோல்டரின் அடியில், அது இடமும் வலமும் நகர்வதற்காக வெட்டியிருக்கும் பள்ளத்துக்குள் புகுந்துகொள்கிறது. பிளேடின் முழு நீளத்தையும் பயன்படுத்துவதற்காக ஹோல்டரைப் பக்கவாட்டில் நகர்த்தும் அந்த ஏற்பாடு பயனுள்ளதுதான். ஆனால் அப்படி நகர்த்தும் ஒவ்வொரு முறையும், உள்ளே கிடக்கும் சீவல் நசுங்கி, உலோகத்தின் மேல் மெல்லிய படலமாகப் படிகிறது. சில நாட்களில், பூட்டும் நெம்பு பூட்டியதுபோல் தோன்றும், ஆனால் பூட்டியிருக்காது. விரலால் அழுத்திப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. செக்‌ஷனில் மட்டும் தெரியும்: ஒன்று தடித்தும் அடுத்தது மெலிந்தும், இடையில் ஒன்று வராமலே போயும், ரிப்பன் படிக்கட்டாக இறங்கும்.

பிளேடைப் பிடித்திருக்கும் அழுத்தத் தகட்டுக்கும் இதே கதிதான். தகட்டுக்கும் பிளேடுக்கும் இடையில் சிறு துணுக்குச் சீவல் அகப்பட்டால் போதும், பிளேடின் அந்த இடம் மட்டும் சரியாகப் பிடிபடாமல் அதிரும். செக்‌ஷனில் குறுக்குக் கோடுகள் வரிசையாக விழும். நுண்ணோக்கியில் பார்க்கும் மருத்துவர் ஜன்னல் மறைப்புப் பட்டைகள் என்று கேலி செய்வார்.

இதைக் கண்டறிவதில் இன்னொரு சிக்கல், இதே அறிகுறிகள் வேறு காரணங்களாலும் வரும் என்பதே. ஆகவே கருவியைத் திட்டுவதற்கு முன் பிளாக்கைப் பார்க்க வேண்டும். திசு நடுவில் குழிந்து, அமுக்கினால் மெத்தென்றிருந்தால், நீர் முழுதாக நீங்கவில்லை என்று பொருள்; திசுவை முதலில் துண்டுகளாக வெட்டும் கிராஸிங் மேசையில் 3 மி.மீ. தடிமனுக்கு மேல் வெட்டிப் போட்ட மார்பகத் திசுவில் இது அடிக்கடி நேரும், அல்லது திசுவின் நீரை நீக்கி மெழுகேற்றும் பிராசசரின் கடைசி ஆல்கஹாலில் நீர் கலந்து, சைலீன் வெண்மையாகக் கலங்கியிருக்கும். நம் ஊரில் எத்தனால் வாங்குவதற்கு ஆயத்தீர்வை அனுமதிச் சிக்கல் இருப்பதால் பெரும்பாலான ஆய்வகங்கள் ஐசோபுரோபைல் ஆல்கஹாலையே ஓட்டுகின்றன. அது தாராளமாகக் கிடைத்தாலும், மாற்ற வேண்டிய நாளைத் தள்ளிப்போட்டால் பலன் பிளாக்கில் தெரியும். திசு அளவுக்கு மீறி உலர்ந்து, நொறுங்கி, அதிர்ந்து வெட்டுப்பட்டால் பிளாக்கின் முகத்தைச் சிறிது நேரம் பனிக்கட்டி நீரில் கிடத்தலாம். சுண்ணாம்புச் சத்துப் படிந்திருந்தால் முகத்தை மட்டும் நீர்த்த அமிலத்தில் கவிழ்த்து வைக்கலாம், டி.என்.ஏ. பரிசோதனைக்குப் போக வேண்டிய பிளாக்கில் அந்த வேலையைச் செய்யவே கூடாது. இவை எல்லாம் சரியாக இருந்து, புதிய பிளேடு போட்டு, வேறொரு நல்ல பிளாக்கை மாட்டிப் பார்த்தும் அதே படிக்கட்டு வந்தால், சந்தேகமே வேண்டாம், ஹோல்டரின் அடியில்தான் சீவல் இருக்கிறது.

எரிச்சல் என்பதோடு நின்றிருந்தால் இவ்வளவு எழுத மாட்டேன். நாம் வெட்டும் சீவலில் மெழுகு மட்டும் இல்லை; முந்தைய நோயாளியின் திசுவும் இருக்கிறது. ஹோல்டரின் இடுக்கில் கிடக்கும் துணுக்கு ஒன்று, அடுத்த ரிப்பனின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு ரிப்பனை விரியவிடும் வெதுவெதுப்பான நீர்த் தொட்டியான வாட்டர் பாத்தில் மிதந்து, அடுத்தவரின் ஸ்லைடில் ஏறிவிட்டால் என்ன ஆகும் என்பதை இத்துறையில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தீங்கற்ற கட்டியின் ஸ்லைடில் ஓரத்தில் நாலைந்து புற்றுச் செல்கள் தென்பட்டால், அவை அந்த நோயாளியுடையவையா, வெளியிலிருந்து வந்தவையா என்று முடிவு செய்வதற்கு மருத்துவர் பிளாக்கைத் திரும்ப வெட்டச் சொல்வார், ஆழமாக வெட்டச் சொல்வார், அறிக்கை தாமதமாகும். ஒவ்வொரு பிளாக்குக்குப் பிறகும் வாட்டர் பாத்தின் மேற்பரப்பை டிஷ்யூ தாளால் வழித்தெடுப்பது எங்கள் கட்டாய வழக்கம். மரபணுப் பரிசோதனைக்குச் செக்‌ஷன் எடுக்கும்போது ஒவ்வொரு நோயாளிக்கும் புதிய பிளேடு போட்டு, ஹோல்டரையும் துடைத்துவிடுகிறோம். ஆனால் கைக்கும் தூரிகைக்கும் எட்டாத ஓர் இடத்தைக் கருவியின் நடுவிலேயே வைத்துவிட்டு, சுத்தம் உங்கள் பொறுப்பு என்று சொல்லும் வடிவமைப்பை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பழுது பார்க்க வந்த இன்ஜினியர் கெட்டிக்காரர். ஹோல்டரின் அடிப்பகுதியைக் கழற்றி, பள்ளத்திலிருந்து சுரண்டியெடுத்த மெழுகைக் காகிதத்தில் குவித்து எங்களுக்கே காட்டினார். தேய்ந்துபோன பூட்டு உறுப்பை மாற்றினார். பிறகு, தினமும் மூன்று வேளை தூரிகையால் துடைக்க வேண்டும் என்று அறிவுரை சொல்லிவிட்டு, சீவலை உறிஞ்சும் சாதனம் ஒன்று தனியாக விலைக்குக் கிடைக்கிறது என்றும் சொன்னார். ஏ.எம்.சி. எனும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் அந்தப் பூட்டு உறுப்பு அடங்காது என்பதும் அன்றுதான் தெரிய வந்தது. ஒரு நாளில் நூறு பிளாக் வெட்டும் இடத்தில் மூன்று வேளை துடைப்பது என்பது சொல்வதற்கு எளிது.

இப்போது நாங்கள் கடைப்பிடிப்பதையும் எழுதிவிடுகிறேன், ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்குப் பயன்படும். முதலில் சக்கரத்தைப் பூட்டி, பிளேடை எடுத்துவிட்டு, அதன் பிறகுதான் பிளாக்கைக் கழற்ற வேண்டும். மாட்டும்போது இந்த வரிசை தலைகீழாக, பிளாக் முதலிலும் பிளேடு கடைசியிலும் வரும். விரல் காப்புத் தண்டை மேலே ஏற்றாமல் ஹோல்டரின் பக்கம் கையைக் கொண்டுபோகக் கூடாது. மைக்ரோடோம் பிளேடு வெட்டியது ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரியும். பிறகு மென்மையான உலர்ந்த தூரிகையால் துடைக்க வேண்டும். பிளேடு இருக்கும்போது துடைக்க நேர்ந்தால் கீழிருந்து மேலாக மட்டுமே, விளிம்புக்குக் குறுக்கே ஒருபோதும் கூடாது. வாரக் கடைசியில் ஹோல்டரையும் அழுத்தத் தகட்டையும் முழுதாகக் கழற்றி, உறிஞ்சுதாள் விரித்த தட்டில் வைத்து, 60 டிகிரியில் இருக்கும் ஸ்லைடு உலர்த்தும் அடுப்புக்குள் வைத்துவிடுகிறோம். மெழுகு தானே உருகித் தாளில் இறங்கிவிடும். ஆறிய பிறகு துடைத்து, நகரும் இடங்களில் நிறுவனம் கொடுத்த எண்ணெயில் ஒரு துளி மட்டும் இடுகிறோம். சைலீனை ஊற்றித் துடைப்பது விரைவான வழிதான், ஆனால் அது வெளிப் பூச்சையும் ரப்பர் உறுப்புகளையும் கெடுத்துவிடும். அந்த ஆவியைச் சுவாசிப்பவர்களும் நாம்தான். பல்லிடுக்கைத் துலக்கும் குட்டித் தூரிகை மருந்துக் கடைகளில் கிடைக்கிறது; பள்ளத்துக்குள் அது மட்டுமே நுழைகிறது. இவ்வளவு விலை கொடுத்த கருவிக்கு இந்தத் துணை தேவைப்படுவது வேடிக்கைதான்.

நியாயத்துக்காக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சித்திரை, வைகாசியில் எங்கள் அறையின் குளிரூட்டி திணறும்போது, 56 முதல் 58 டிகிரியில் உருகும் மெழுகுகூட வெட்டும் மேசையில் இளகி, சீவல் உதிராமல் அப்பிக்கொள்கிறது. மார்கழியில் இதே கருவி இவ்வளவு தொல்லை தருவதில்லை. ஆக, குறையின் ஒரு பங்கு எங்கள் ஊர் வெயிலுக்குச் சேரும். ஆனால் அந்த வெயிலில்தான் விற்பனைப் பிரதிநிதி வந்து கருவியை விற்றார். மின்தடை வந்து ஜெனரேட்டர் மாறும் அந்தச் சில நொடிகளில் கருவி நினைவை இழந்து தொடக்க நிலைக்குப் போய்விடுவது தனிக் கதை, தனி யு.பி.எஸ். வைத்துவிட்டதால் அது தீர்ந்தது.

பழைய மேனுவல் கருவியில் பின்வாங்கும் வசதி இல்லை, நினைவு இல்லை, சக்கரமும் கனம். ஆனால் அதன் ஹோல்டர் திறந்த வெளியில் இருந்தது; சீவல் நேராகக் கீழே விழுந்தது; இரண்டு திருகைத் தளர்த்தினால் மொத்தமும் கையில் வந்துவிடும். சென்ற வாரங்களில் புதியது பழுதாகிக் கிடந்தபோது, மூலையில் உறை போட்டு வைத்திருந்த அதை எடுத்துத்தான் அத்தனை பிளாக்குகளையும் வெட்டி முடித்தோம். ஒரு அறிக்கைகூடத் தாமதமாகவில்லை.

ஆகவே, அந்தப் பெண்ணுக்கு நான் சொன்னது, மேனுவலே வாங்கு என்பதுதான். நாளொன்றுக்கு இருபது, முப்பது பிளாக்குகளோடு தொடங்கும் ஆய்வகத்துக்குப் பின்வாங்கும் வசதியுள்ள ஒரு நல்ல மேனுவல் கருவி போதும். மிச்சமாகும் பணத்தில் பிளாக்கைக் குளிர்விக்கும் தரமான கோல்ட் பிளேட்டும், இரண்டாவது வாட்டர் பாத்தும், ஓராண்டுக்கான பிளேடும் வாங்கிவிடலாம். கருவியைப் பற்றி நான் சொன்ன புகழ்ச்சிக்கு இது பொருந்தவில்லை என்று அவளே கேட்டாள். பொருந்தவில்லைதான். என் மேசையில் இருக்கும் கருவியை யாராவது எடுத்துப்போக வந்தால் விட மாட்டேன் என்பதும் உண்மை.

இதற்குப் பிறகும் அரைத் தானியங்கிதான் வேண்டும் என்றால், செயல்விளக்கத்துக்கு அவர்கள் கொண்டுவரும் அழகான கல்லீரல் பிளாக்கை வெட்ட விடாதீர்கள். உங்கள் ஆய்வகத்திலேயே உள்ள கொழுப்பு மிகுந்த மார்பகமும், கெட்டியான கருப்பைத் தசையும், சுண்ணாம்பு படிந்த நிணநீர்க் கணுவும் வெட்டப்பட வேண்டும், அதுவும் பிற்பகலில், அறை சூடேறிய பிறகு. வெட்டி முடித்ததும், ஹோல்டரின் அடிப்பகுதியைக் கழற்றி உள்ளே இருக்கும் சீவலைச் சுத்தம் செய்து காட்டச் சொல்லுங்கள். வந்தவர் அதற்கு ஸ்க்ரூடிரைவர் தேடினால், கொள்முதல் ஆணையில் கையெழுத்திட வேண்டாம்.