பெரம்பூர் பக்கத்தில் ஒரு மெடிக்கல் சீட் கன்சல்டன்சி: ஐந்துக்கு ஒன்று

போன வருடம் நீட் ரிசல்ட் வந்த கையோடு அக்கா மகளுக்காக இந்த அலுவலகத்துக்குப் போனோம். பெயரைப் போடவில்லை, வக்கீல் நோட்டீஸ் வந்துவிடும் என்று மாமா பயப்படுகிறார். பெரம்பூர் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம், முதல் மாடி, உள்ளே ஏசி, சுவர் முழுக்க வெள்ளைக் கோட்டு போட்ட பிள்ளைகளின் படம். மாமாவுக்கு ஹார்பரில் கிளியரிங் வேலை, தண்டையார்பேட்டையில் வாடகை வீடு. ரெஜிஸ்ட்ரேஷன் என்று 25,000 ரூபாய் கேட்டார்கள், அக்கா செயினை அடகு வைத்துத்தான் கட்டினாள்.

அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார், அதைச் சொல்லிவிட வேண்டும். ஒரு மருத்துவக் கல்லூரியின் பெயரைச் சொல்லி ஆரம்பித்தார். "அந்த காலேஜுக்கு இப்போ 150 சீட்டுண்ணே, இந்த வருஷம் 250 ஆகுது, டெல்லியில பேசி முடிச்சாச்சு. அந்த நூறுல ஒண்ணு நம்ம பாப்பாவுக்கு. மூணு லட்சம் அட்வான்ஸ் போட்டு வைங்க." பாப்பா எய்டட் ஸ்கூலில் படித்தவள், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வரமாட்டாள் என்று நான் சொன்னதற்கு, "சர்டிபிகேட்தானே, அதையும் பார்த்துக்கலாம்" என்றார். அக்காவுக்கு அப்போதே முகம் மாறிவிட்டது. போலிச் சான்றிதழ் பிடிபட்டால் பிள்ளையின் படிப்பே போய்விடும், அதை அவர் ஏதோ ஜெராக்ஸ் எடுக்கிற மாதிரி சொல்கிறார்.

அன்று ராத்திரி உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தேன். முதல் விஷயம், சீட் கொடுக்கிற அதிகாரமே இவர்களிடம் இல்லை. தமிழ்நாட்டில் தனியார் கல்லூரியின் மேனேஜ்மென்ட் சீட்டுக்குக்கூட கீழ்ப்பாக்கத்தில் இருக்கிற மருத்துவத் தேர்வுக் குழுவின் கவுன்சிலிங்தான், நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் டெல்லியில் இருக்கிற எம்சிசி, அதாவது மத்திய அரசின் மருத்துவ கவுன்சிலிங் குழு. நீட் ரேங்க் இல்லாமல் இரண்டிலும் நுழைய முடியாது. அப்புறம் அந்த 250. எந்தக் கல்லூரி எத்தனை பேரைச் சேர்க்கலாம் என்று முடிவு செய்வது தேசிய மருத்துவ ஆணையம். 2020 செப்டம்பரில் பழைய மருத்துவ கவுன்சிலைக் கலைத்துவிட்டு வந்தது இது. அதன் வெப்சைட்டில் கல்லூரி வாரியாகப் பட்டியல் இருக்கிறது, அதில் இந்தக் கல்லூரிக்கு நேராக 150 என்றுதான் இருந்தது. இல்லாத சீட்டுக்கு மூன்று லட்சம் அட்வான்ஸ்!

மறுநாள் மாமாவும் நானும் அந்தக் கல்லூரிக்கே போனோம். கட்டடம் பிரமாதம், குறையே சொல்ல முடியாது. ஆனால் 2023-ல் வந்த விதிப்படி 150 மாணவர் சேர வேண்டுமானால் 605 படுக்கை வேண்டும், 250 என்றால் 900, அதில் 80 சதவீதம் நிரம்பியும் இருக்க வேண்டும். நாங்கள் பார்த்த ஆண்கள் வார்டில் முப்பது கட்டில், காலை பதினொரு மணி, ஆறில்தான் ஆள் இருந்தார்கள். மீதிக் கட்டில்களின் விரிப்பில் ஒரு மடிப்புகூட இல்லை. டிரிப்ஸ் ஸ்டாண்டைச் சுற்றின பிளாஸ்டிக் கவரை இன்னும் பிரிக்கவில்லை. இன்ஸ்பெக்‌ஷன் அன்று மட்டும் எங்கிருந்தோ ஆட்களைக் கொண்டு வந்து படுக்க வைப்பார்கள் என்று வெளியே டீக்கடையில் ஒருவர் சொன்னார், அது எவ்வளவு உண்மையோ. ஆனால் நான் கண்ணால் பார்த்த அந்தக் காலிக் கட்டில்கள் போதும்.

ஏனென்றால் மாதம் ஒரு தடவை அம்மாவின் சுகர் மாத்திரைக்காக நான் ஸ்டான்லி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்கிறவன். கூட்டம், வியர்வை, ஓபி சீட்டு வாங்கவே ஒரு மணி நேரம், எல்லாம் உண்டு. போன மாதம் ஒரு மாணவி அம்மா காலடியில் உட்கார்ந்து, "கண்ணை மூடிக்கோங்க பாட்டி, தொடும்போது சொல்லுங்க" என்று நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையால் பாதத்தில் ஒவ்வோர் இடமாகத் தொட்டாள், சுகரால் உணர்ச்சி குறைந்திருக்கிறதா என்று பார்க்க. பின்னால் நின்ற டாக்டர், "அங்க தோல் தடிச்சிருக்கும்மா, கட்டைவிரலுக்கு அடியில பாரு" என்றார். கட்டைவிரலுக்கு அடியில் தொட்டபோது அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பெண் முகத்தில் ஒரு நொடி கவலை ஓடியது. காலிக் கட்டிலைப் பார்த்து இதை எந்தப் பிள்ளை கற்றுக்கொள்ளும்?

இந்த கன்சல்டன்சிக்காரர் அந்த ஸ்டான்லியைத்தான் மட்டம் தட்டினார். "2023-ல அங்கீகாரமே போச்சே, தெரியாதா?" உண்மைதான், போனது. சிசிடிவி கேமராவிலும் பயோமெட்ரிக் வருகைப்பதிவிலும் குறை என்று ஆணையம் எடுத்த நடவடிக்கை அது, சரிசெய்த பிறகு கொஞ்ச நாளிலேயே திரும்பக் கிடைத்துவிட்டது. இன்றைக்கும் வருடத்துக்கு 250 பேர் அங்கே சேர்கிறார்கள். பயோமெட்ரிக் கேட்டதில் எனக்கு வருத்தமே இல்லை. பெயருக்குப் பேராசிரியராக இருந்துவிட்டு ஆய்வு அன்று மட்டும் வந்து போகிறவர்களைப் பிடிக்க அது வேண்டும்தான். அதே கண்டிப்போடு முன்னறிவிப்பு இல்லாமல் வந்து கட்டிலில் எத்தனை நோயாளி என்று எண்ண வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம். 2010-ல் பழைய கவுன்சிலின் தலைவரே லஞ்ச வழக்கில் கைதானார், 2025-ல் கல்லூரி ஆய்வுக்கு லஞ்சம் என்று சிபிஐ மறுபடியும் வழக்குப் போட்டது. "டெல்லியில பேசியாச்சு" என்று ஒருவர் சொல்லும்போது நம்மில் பாதிப் பேர் நம்புவது இதனால்தான்.

பணத்துக்கு நான்கு தடவை நடந்தேன். கடைசியில் 15,000 திரும்ப வந்தது, 10,000 "ப்ராசசிங்" என்று பிடித்துக்கொண்டார்கள், ரசீது கேட்டால் தரவில்லை. அந்த ஒரு நட்சத்திரமும் போடாமல் அனுப்ப முடியாது என்பதால் போட்டது.

நீங்கள் எங்கே போனாலும் கல்லூரிக்கு ஆணையம் கொடுத்த அந்த வருடத்து அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வேலை நாளில் வார்டுக்குள் போய்ப் பாருங்கள். பாப்பா இந்த வருடம் மறுபடி எழுதுகிறாள். செயினை இன்னும் மீட்கவில்லை.